கம்பியில் வந்த உலகம் – 23: இலவசத்தைத் தடுத்த கதை

வடக்குப்பட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர். 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கற்கருவிகளும் ரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்களே, அதே வடக்குப்பட்டுதான். கடிதம் அந்தப் பழசைப் பற்றி வந்ததல்ல. பத்து வருஷத்துப் பழசு ஒன்றைக் கிளறுகிறது.

2015-இல் அவர் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. கையில் சின்ன போன், உள்ளே ரிலையன்ஸ் சிம். மாதத்துக்கு ஒரு நெட் கார்டு போடுவதே யோசித்துச் செய்கிற செலவு. அந்த நேரத்தில் காசில்லாமல் ஃபேஸ்புக் பார்க்கலாம், மாலைமலர் படிக்கலாம், வேலை தேடலாம் என்று ஒரு வசதி வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவாராம். அடுத்த வருஷம் அது நின்றுவிட்டது. “ஐயா, இணையத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அப்போது எல்லாரும் எழுதினீர்கள். யாரிடமிருந்து காப்பாற்றினீர்கள்? என்னிடமிருந்தா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

கோபமோ கிண்டலோ, நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் மின்னஞ்சல் அனுப்பிய கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால், கேட்கப்பட்டவர்களில் நானும் உண்டு. கடலடிக் கம்பிகளைப் பற்றிச் சொல்லவிருந்த பகுதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த வாரம் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

‘நெட் நியூட்ராலிட்டி’ என்ற பெயரை 2003-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர். தமிழில் இணையச் சமநிலை என்றோம், சமத்துவம் என்றோம், நடுநிலை என்றோம். ஆளுக்கொரு பெயர் வைத்ததில் எந்தப் பெயரும் நிலைக்கவில்லை. நான் சமநிலை என்றே எழுதுகிறேன்.

சங்கதி எளிது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும் பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி இருக்கிறது. காருக்கு ஒரு கட்டணம், பன்னிரண்டு சக்கர லாரிக்கு ஒரு கட்டணம். கன்டெய்னருக்குள் இருப்பது எந்தக் கம்பெனியின் சரக்கு, அது யார் வீட்டு வாசலுக்குப் போகிறது என்று சாவடியில் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்து, ‘இந்தக் கம்பெனியோடு எங்களுக்கு ஒப்பந்தம், இலவசமாகப் போகலாம், நீ காசு கட்டு, ஓரமாக நில்’ என்று சொன்னால் சாலை சாலையாக இருக்காது. யாரோ ஒருவரின் தனி வழியாகிவிடும். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் உண்டு. சமநிலை கேட்டவர்களையும் அந்தக் கட்சி என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். சுங்கத்தையே எடுத்துவிடு என்று இங்கே யாரும் கேட்கவில்லை. வண்டியின் அளவைப் பார்த்து வாங்கு, சரக்கின் சொந்தக்காரரைப் பார்த்து வாங்காதே என்றுதான் கேட்டார்கள்.

இதற்கு ஐரோப்பாவில் முதலில் சட்டம் போட்ட நாடு நெதர்லாந்து. உலகத்தில் முதலாவது சிலி, 2010-இல். நெதர்லாந்துக் கதைக்கு வேர் குறுஞ்செய்தி. வாட்ஸ்அப் வந்ததும் அந்நாட்டு இளைஞர்கள் எஸ்.எம்.எஸ். அனுப்புவதைக் குறைத்துக்கொண்டார்கள், கேபிஎன் என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தின் வருமானம் சரிந்தது. 2011-இல் வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. யார் எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும்? போகிற வருகிற தரவைத் திறந்து பார்க்கும் கருவி எங்களிடம் இருக்கிறது என்று முதலீட்டாளர் கூட்டத்தில் அதிகாரிகளே பெருமையாகச் சொன்னார்கள். தபால்காரர் உறையைப் பிரித்துப் பார்த்து, உள்ளே கல்யாணப் பத்திரிகை இருந்தால் கூடுதல் தபால்தலை கேட்பதுபோல. நாடு கொதித்தது. 2012 மே மாதம் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஸ்லோவேனியாவும் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

இதே நாடகம் இரண்டரை வருஷம் கழித்து நம் ஊரில் மேடையேறியது. 2014 டிசம்பர் கடைசியில், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. கூச்சல் எழுந்ததும் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றது. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றிக் கருத்துக் கேட்கப்போகிறது, அதுவரை பொறுப்போம் என்று காரணம் சொல்லப்பட்டது.

ஒரு கதவு சாத்தப்பட்டதும் இன்னொரு கதவு, இந்த முறை இனிப்போடு, திறந்தது. 2015 பிப்ரவரி 10-ஆம் தேதி ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ஃபேஸ்புக் தன் ‘இன்டர்நெட் டாட் ஆர்க்’ சேவையை இந்தியாவில் தொடங்கியது. முதலில் ஆறு மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று, தமிழிலும் கிடைத்தது. இதற்கு மூன்று மாதம் முன்பு, 2014 நவம்பர் 1 அன்று, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றுபோயிருந்தது. 2006 முதல் உலகத்துக்கே போன் செய்து அனுப்பிய ஆலை. அதில் வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வந்த அதே குளிர்காலத்தில், அதே வட்டாரத்துக்கு, ‘ஏழைக்கும் இணையம்’ என்ற அறிவிப்பு வந்து சேர்ந்தது. தற்செயல்தான். ஆனாலும் வரலாறு எழுதுகிறவனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அந்த இலவசப் பெட்டிக்குள் என்ன இருந்தது? முப்பத்துச் சொச்சம் தளங்கள். ஃபேஸ்புக், விக்கிப்பீடியா, பிபிசி, மாலைமலர், வானிலை சொல்ல ஒன்று, பழைய சாமான் விற்க ஓஎல்எக்ஸ், வேலை தேட பாபாஜாப். ஜோதிடமும் இருந்தது, ரிலையன்ஸ் நிறுவனத்தின் சொந்த ஜோதிடம். கூகுள் இல்லை, யூடியூப் இல்லை. தேடுவதற்கு பிங் உண்டு, ஆனால் தேடிக் கிடைத்த பக்கத்தைத் தொட்டால் அது பெட்டிக்கு வெளியே, காசு ஆகும் என்று எச்சரிக்கை வரும். மளிகைக் கடையில் விலைப்பட்டியலை மட்டும் இலவசமாகக் கையில் கொடுப்பதுபோல. ஜோதிடம் இணையத்தின் அடிப்படைத் தேவை என்று யார் முடிவு செய்தார்கள் என்பதை நான் இன்றும் யோசிப்பதுண்டு.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலருக்கும் நினைவிருக்கும். 2015 மார்ச் 27 அன்று டிராய் 118 பக்க ஆங்கில ஆவணம் ஒன்றை வெளியிட்டு 20 கேள்விகள் கேட்டது. ஏப்ரல் 6-இல் ‘ஏர்டெல் ஜீரோ’ வந்தது: தளத்துக்காரர் காசு கட்டுவார், பார்ப்பவருக்கு இலவசம். ஏப்ரல் 11-இல் மும்பை நகைச்சுவைக் குழுவான ஏஐபி ஒரு வீடியோ போட்டது, இளைஞர்கள் பொங்கினார்கள். ஃபிளிப்கார்ட் மூன்றே நாளில் ஏர்டெல் ஜீரோவிலிருந்து விலகியது. கிளியர்ட்ரிப், என்டிடிவி போன்றவை ஃபேஸ்புக்கின் பெட்டியிலிருந்து கழன்றுகொண்டன. ஏப்ரல் 24-க்குள் டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. ஆணையம் அத்தனை பேரின் முகவரிகளையும் பொதுவில் போட்டு வேறு ஒரு கூத்து நடந்தது, அது இங்கே வேண்டாம்.

அந்தப் பத்து லட்சம் மின்னஞ்சல்களும் யாருடையவை? வடக்குப்பட்டுக்காரர் தொட்டிருக்கும் இடம் இதுதான். ஆங்கில ஆவணத்தைப் படிக்கக்கூடியவர்கள், அல்லது அதைப் படித்துச் சொன்னவரின் வீடியோவைப் பார்க்க டேட்டா வைத்திருந்தவர்கள். நாங்கள் ஏற்கெனவே சாலையில் இருந்தவர்கள். சாலைக்கு வெளியே நின்றவரின் பெயரில் இரண்டு தரப்பும் பேசின. அவரிடம் இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

எதிர்த்தரப்பு அவரை விளம்பரத்தில் மட்டும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. 2015 செப்டம்பரில் சேவையின் பெயர் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று மாறியது. டிசம்பர் 9-இல் டிராய் வேறு வேறு கட்டணம் வாங்கலாமா என்ற ஒரே கேள்வியை மையமாக வைத்து இரண்டாவது ஆவணம் வெளியிட்டதும், பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. மார்க் ஜுக்கர்பெர்க் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் கட்டுரை எழுதி, மராட்டிய விவசாயி ஒருவரைக் காட்டினார். ஃபேஸ்புக்கைத் திறந்தாலே ‘ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்ற டிராய்க்கு எழுதுங்கள்’ என்று ஒரு பொத்தான் வந்து நின்றது. அதை அழுத்தினால் கடிதம் தானாகப் போகும். மொத்தம் சுமார் 24 லட்சம் கருத்துகள் குவிந்தன, பெரும்பகுதி ஒரே வாசகம். கேட்ட கேள்விகளுக்கு அதில் பதிலே இல்லை, ஆலோசனையை ஏற்பாடு செய்த வாக்கெடுப்பாக மாற்றப் பார்க்கிறீர்கள் என்று ஆணையம் கடிதம் எழுதிச் சாடியது.

2016 பிப்ரவரி 8. ஆர்.எஸ். சர்மா தலைமையிலான டிராய் விதிமுறையை வெளியிட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பதை வைத்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 50 லட்சம். பேரிடர் போன்ற அவசர காலத்துச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு. மூன்று நாளில் ஃபேஸ்புக் கடையைச் சாத்தியது. அந்த வாரமே அதன் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனி ஆதிக்க எதிர்ப்புதான் இந்தியாவுக்குப் பொருளாதாரக் கேடு என்ற பொருள்பட ட்வீட் போட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். நம் தரப்பு ஆயிரம் பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை அவர் ஒரு வரியில் முடித்துவைத்தார்.

இனி, ஏன் தடுத்தோம் என்பதற்கு என் பதில். சட்டநூல்களை விட்டுவிடுகிறேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் வீராம்பட்டினத்துக்குப் போவோம்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்து அப்போது மூன்று வருஷம்கூட முடியவில்லை. வீராம்பட்டினம் மீனவர் ஊர். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே: நாளைக்கு அலை எப்படி இருக்கும்? மையத்தில் இருந்தவர்கள் தேடிப் பார்த்ததில், வங்கக்கடலின் அலை உயரக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருப்பது தெரிந்தது. போர்க்கப்பல்களுக்காகப் போட்டது. அதை இறக்கி, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் வைத்தார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது. தமிழ் இணைய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.

இப்போது சொல்லுங்கள். மீனவருக்கான இலவச இணையப் பெட்டி ஒன்றை நீங்களோ நானோ நல்லெண்ணத்தோடு தயாரித்திருந்தால், அதில் அமெரிக்கக் கடற்படையின் பக்கத்தைச் சேர்த்திருப்போமா? மீன் விலை சேர்த்திருப்போம், அரசுத் திட்டங்கள் சேர்த்திருப்போம், ஜோதிடம்கூடச் சேர்த்திருப்போம். அந்தக் கடற்படைதான் வந்து ‘எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பம் போட்டிருக்குமா? எது வேண்டும் என்பது தேடுகிறவருக்கே தேடும்வரை தெரியாது. அவருக்காக மெனக்கெட்டுப் பட்டியல் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

அதே நிறுவனத்தின் மையம் இருந்த இன்னொரு மீனவர் ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அலை வருவதற்குள் மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பிவிட்டார்கள். மீன்பிடித் தகவல் சொல்ல வைத்த குழாய் உயிர் காத்தது. எதற்கென்று வைத்தோமோ அதற்கு மட்டும்தான் பயன்பட வேண்டும் என்று அந்தக் குழாய்க்கு யாரும் நிபந்தனை போட்டிருக்கவில்லை.

ஃப்ரீ பேசிக்ஸில் நிபந்தனை இருந்தது. நியாயமாகச் சொன்னால், அதில் சேரத் தளங்களிடம் காசு வாங்கவில்லை. ஆனால் வீடியோ கூடாது, இணைய அழைப்பு கூடாது, பெரிய படம் கூடாது. பக்கத்தை அவர்கள் சொல்லும் விதத்தில் மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும். பார்ப்பவரின் போக்குவரத்து ஃபேஸ்புக்கின் கணினி வழியாகவே போய்வரும். புதுச்சேரி மையங்கள் வந்த அதே 1998-இல், பொங்கல் நாளன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுத் தந்த சங்க நூல்களும் காப்பியங்களும் அப்படித்தான் வலையேறின. எந்த வாசல்காரரிடமும் அனுமதி கேட்காமல் வந்தவை. 2015-இல் இருந்ததுபோல ஒரு வாசல் 1998-இல் இருந்திருந்தால், எத்தனை தமிழ்ப் பக்கங்கள் விண்ணப்பப் படிவத்தோடு வெளியே நின்றிருக்கும்!

இது நல்ல பதில் என்றே நினைக்கிறேன். ஆனால் வடக்குப்பட்டு நண்பருக்குப் போதுமான பதிலா? ‘எல்லாம் சரி ஐயா, இல்லாத சாலையைவிட இருக்கிற ஒற்றையடிப் பாதை மேல்’ என்று அவர் சொன்னால் அதில் பிழை இல்லை. 2016 பிப்ரவரி 8 அன்று நாங்கள் ஜெயித்தோம். அந்த வாரம் முடிவதற்குள் அவர் போனில் முன்பைவிடக் குறைவாகவே இருந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. இலவசத்தை அவர்கள் தடுக்கவில்லை, கேள்வியைத் தள்ளிப்போட்டார்கள். 2015 அக்டோபர் 27-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் திறந்த இணையத்துக்கான சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது; 2016 ஏப்ரல் 30 முதல் நடைமுறை. தரவைச் சமமாக நடத்து, தடுக்காதே, வேகத்தைக் குறைக்காதே என்றெல்லாம் எழுதியிருந்தது. சில செயலிகளுக்கு மட்டும் டேட்டா கணக்கு இல்லை என்று சலுகை தரலாமா என்ற இடத்தில் மட்டும் வார்த்தைகள் மழுப்பின. ஓட்டையை அடையுங்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ உட்படப் பலரும் கேட்டுப் பார்த்தார்கள். திருத்தங்கள் தோற்றன. பிறகு ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பு ஏறத்தாழ 4.8 லட்சம் கருத்துகளை வாங்கிக்கொண்டு, 2016 ஆகஸ்டில் வழிகாட்டுதல் வெளியிட்டது: ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யலாம்.

தனித்தனியாகப் பார்ப்பது என்றால் என்னவாகும் என்று நமக்குத் தெரியாதா? ஐரோப்பா முழுவதும் பொட்டலங்கள் முளைத்தன. போர்ச்சுகலின் மியோ நிறுவனம் அரட்டைக்கு ஒன்று, சமூக ஊடகத்துக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று என்று மாதக் கூடுதல் பொட்டலங்கள் விற்றது. 2017-இல் அந்த விளம்பரப் படம் உலகம் சுற்றியது. ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் ‘ஸ்ட்ரீம்ஆன்’ என்றது, வோடஃபோன் ‘பாஸ்’ என்றது. ஹங்கேரியில் டெலினார் இன்னொரு படி மேலே போனது: வாங்கிய டேட்டா தீர்ந்த பிறகு எல்லாத் தளங்களும் ஆமையாகும், பொட்டலத்துக்குள் இருக்கும் செயலிகள் மட்டும் முழு வேகத்தில் ஓடும்.

வழக்கு லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. 2020 செப்டம்பர் 15-இல் டெலினாரின் பொட்டலம் விழுந்தது. 2021 செப்டம்பர் 2-இல் ஜெர்மன் பொட்டலங்களைப் பற்றிய தீர்ப்பு இன்னும் ஆழமாக வெட்டியது: வணிக நோக்கத்தில் சிலவற்றுக்கு மட்டும் கணக்கு எழுதாமல் விடுவதே சம நடத்தைக்கு விரோதம். 2022 ஏப்ரலில் ஜெர்மன் ஒழுங்குமுறை அமைப்பு தடை போட்டது. பழைய வாடிக்கையாளர்களுக்கும் 2023 மார்ச்சோடு முடிந்தது. நாம் 2016 பிப்ரவரியில் நின்ற இடத்துக்கு ஐரோப்பா ஐந்தரை வருஷம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. சட்டம் எழுதுவதில் மேற்கைப் பார்த்து நகல் எடுப்பதாக நம்மைச் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள்தான் பின்னால் வந்தார்கள். 2017 நவம்பர் 28-இல் டிராய் முழுமையான சமநிலைப் பரிந்துரைகளை வெளியிட்டு இரண்டே வாரத்தில், டிசம்பர் 14 அன்று, அமெரிக்கா தன் விதிகளைக் கிழித்துப் போட்டது. நம் நாட்டில் அவை 2018-இல் உரிம நிபந்தனைகளாகவே ஆயின.

பெருமைப்பட்டுக்கொண்டு இங்கேயே நிறுத்தலாம்தான். ஆனால் ஐரோப்பாவில் இன்னொரு நாட்டையும் சொல்லியாக வேண்டும். பின்லாந்து, 2010 ஜூலை 1 முதல், குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் வினாடிக்கு ஒரு மெகாபிட் பிராட்பேண்ட் இணைப்பு சட்டப்படியான உரிமை என்று ஆக்கியது. இன்று அந்த வேகத்தைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். வேகத்தை விடுங்கள், சட்டம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று பாருங்கள். ‘தவறாகக் கொடுக்காதே’ என்பது ஒரு சட்டம். ‘கொடு’ என்பது இன்னொன்று. முதலாவதில் உலகத்து முன்னோடிகளில் நாமும் ஒருவர். இரண்டாவது நம்மிடம் சட்டமாக இல்லை. கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், விடுதியில் போன் தடைசெய்யப்பட்ட மாணவி ஒருவரின் வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. அதை வைத்து ஒரு கிராமத்துக்குக் கம்பி இழுக்க முடியாது.

அப்படியானால் வடக்குப்பட்டுக்காரர் கைக்கு முழு இணையம் எப்படி வந்தது? விதியால் வரவில்லை, விலையால் வந்தது. 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது. டிராய் கணக்குப்படி 2014-இல் ஒரு ஜிபிக்குச் சுமார் 269 ரூபாய் வசூலானது. 2018-இல் அது 12 ரூபாய்க்கும் கீழே. எங்கள் வாதத்தை வீட்டுக்கு வீடு நிரூபித்துக் காட்டியது ஒரு வணிகப் போட்டி. ஜியோ வராமல் போயிருந்தால் அவர் கேள்விக்கு எங்களிடம் இன்றும் பதில் இருந்திருக்காது. ஒரு வேடிக்கை: ஃப்ரீ பேசிக்ஸைச் சுமந்தது தம்பி அம்பானியின் நிறுவனம், அதைத் தேவையற்றதாக்கியது அண்ணன் அம்பானியின் நிறுவனம். தம்பியின் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஃபேஸ்புக்கோ 2020 ஏப்ரலில் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோவில் 9.99 சதவீதப் பங்கை வாங்கியது. வாசலில் இறங்கச் சொன்னால் திண்ணை வழியாக வருவார்கள்.

ஆகவே, ஐயா, தடுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். தடுத்துவிட்டு வீட்டுக்குப் போனதுதான் சரியில்லை. பெட்டி வேண்டாம், சாலை கொடு என்று கேட்டவர்கள், சாலை வரும்வரை கேட்டிருக்க வேண்டும். பத்து லட்சம் மின்னஞ்சல் அனுப்பியவர்களில் எத்தனை பேர் கண்ணாடி இழை ஊராட்சிக்கு வந்ததா என்று ஒரு அஞ்சலட்டையாவது போட்டிருப்போம்?

அந்தச் சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. நாட்டின் இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பின்னாளில் அதற்குப் பாரத்நெட் என்று பெயர். தமிழ்நாட்டில் அதை நிறைவேற்ற 2018-இல் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் உருவானது. இலக்கு 12,525 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1 ஜிபிபிஎஸ். அறப்போர் இயக்கம் டெண்டர் நிபந்தனைகளைக் கேள்வி கேட்டது. சில நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்தும்படி அவை இருப்பதாகக் கண்ட மத்திய அரசு 2020 ஜூனில் டெண்டரை ரத்து செய்ய உத்தரவிட்டது. மறுபடி டெண்டர், மறுபடி காத்திருப்பு. நெதர்லாந்து வாட்ஸ்அப்புக்காகச் சட்டம் போட்டு முடிப்பதற்கு முன்பே ஒப்புதலான கம்பி, 2020-இலும் நமக்குக் காகிதத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் பழைய சண்டை புது வேஷத்தில் வந்திருக்கிறது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய சரக்குக்காரர்கள் சாலைச் செலவில் பங்கு தர வேண்டும் என்று ஐரோப்பியத் தொலைபேசி நிறுவனங்கள் 2022 முதல் கேட்கின்றன. நம் நாட்டுச் செல்போன் நிறுவனங்களின் சங்கமும் அதையே கேட்கிறது. அதற்குத் தனி வாரம் வேண்டும்.

வடக்குப்பட்டு நண்பருக்கும், மற்ற ஊராட்சிகளில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு ஃபைபர் வந்துவிட்டதா? வந்திருந்தால் பெட்டியில் விளக்கு எரிகிறதா? அங்கிருந்து வீட்டுக்கு இணைப்பு வாங்க என்ன விலை? கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கடலடிக் கம்பி இன்னும் ஒரு வாரம் காத்திருக்கட்டும், உங்கள் பதில்களை முதலில் போடுகிறேன்.

(தொடரும்)